சுற்றுகிறது, பற்றவில்லை

கராஜுகளில் புதிதாகக் கை வைத்திருக்கும் தம்பிமாருக்கும், இப்போது ஓரிரு இடங்களில் காணக் கிடைக்கும் தங்கைமாருக்கும் இதை எழுதுகிறேன். முதுகெலும்பின் அடியில் இரண்டு வட்டுகள் இடம் மாறிவிட்டதால் ஐம்பத்திரண்டு வயதிலேயே ஸ்பானர்களைத் துடைத்து வைத்தவன் நான். கை ஓய்ந்தது. காது ஓயவில்லை. விடியற்காலையில் அயலில் யாராவது காரின் சாவியைத் திருப்பினால் படுத்த இடத்திலேயே எண்ணத் தொடங்கிவிடுவேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் பற்றினால் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன். சுற்றிக்கொண்டே இருந்தால் எழுந்து உட்காருவேன், யாரும் கூப்பிடாமலே.

எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. நமது தொழிலில் இதைப்போல் ஆசை காட்டும் நோய் வேறு இல்லை. அசைவே இல்லாமல் கிடக்கும் காருக்கு முன்னால் மனிதர் நிதானமாகிவிடுவார்கள். சுற்றுகிற கார் நிதானத்தைக் கெடுக்கும். இதோ, இன்னும் ஒரே ஒரு தரம் என்று கூப்பிடும். அடுத்த சுற்றில் பற்றிவிடும் என்று காருக்குச் சொந்தக்காரர் நம்புவார். மெக்கானிக்கும் நம்புவார். பற்றறிதான் பாவம்.

எண்ணெய் வருகிறதா, பொறி வருகிறதா, இரண்டும் சேரவேண்டிய கணத்தில் சேருகின்றனவா என்று பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை மறுபடி எழுதி உங்கள் நேரத்தைத் தின்னப் போவதில்லை. ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். அந்தக் காலையில் நான் ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழையை விடுவதற்கு நான் யாழ்ப்பாணத்தில், நான் பிறந்த வருடத்தையொட்டிப் பிறந்திருக்க வேண்டும். வேறு ஊர் மெக்கானிக்குக்கு அது வாய்த்திருக்காது.

ஏனென்றால் நான் தொழில் பழகியது பெற்றோல் இல்லாத காலத்தில். போரில் பாதை பூட்டிக் கிடந்தது. குடாநாட்டுக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரின் வாய்க்குள் ஒரு மூடி பெற்றோலை ஊற்றிப் பற்றவைத்து, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். வெள்ளைப் புகை தெரு முழுக்க நிற்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் சாவீட்டு ஊர்வலத்துக்கும் ஒரே புகை. அந்தப் புகைக்குள் எங்கள் மூக்கு வளர்ந்தது. பற்றாத கார் ஒன்று வந்தால் நாங்கள் பார்க்க முன்னமே முகர்ந்துவிடுவோம். மூக்குச் சொன்னால் முடிந்த முடிவு. அப்படி ஒரு பழக்கம் இருபத்தைந்து வருடம் என்னைக் காப்பாற்றியது. அதனால்தான் நான் அதைச் சோதிக்கவே இல்லை.

நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன அந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். வாகனங்கள் வரிசையில் நித்திரை கொண்டன. ஓட்டோக்கள் ஓடவில்லை, பஸ் வரும் என்று சொல்லி வராது, டொக்டர்மாரும் சைக்கிளில் போனார்கள். அந்த நாட்களில் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கரவெட்டியிலிருந்து கிறேஸ் அன்ரி போன் எடுத்தார்.

"தம்பி, கார் சுத்துது, பத்துதில்லை. கெதியா வாறியோ?"

கிறேஸ் அன்ரி தபால் கந்தோர் ஒன்றைப் பொறுப்பாக நடத்தி ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யாதவர். அறுபத்தெட்டு வயதில், தகப்பன் விட்டுப்போன கறுப்புக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போவார். காருக்கும் அவருக்கும் மூன்று நான்கு வயதுதான் வித்தியாசம். இரண்டுக்கும் நான்தான் வைத்தியன் என்று அவரே சொல்வார். காருக்கு எண்ணெய் மாற்றப் போகும்போது அவருடைய முழங்காலுக்கும் ஏதாவது சொல்லிவிட்டு வருவேன்.

நெல்லியடியில் என் கராஜில் அப்போது ஒரு வேலை கையில் இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, கையைத் துடைத்தும் துடைக்காமலும் சைக்கிளில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கிறேஸ் அன்ரி பயணத்துக்கு வெளிக்கிட்டு நின்றார். நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலை, கைப்பை, தேர்மோஸ் போத்தல்.

"எத்தினை தரம் சுத்தினனீங்கள் அன்ரி?"

"எண்ணேல்லை. கோவம் வரும் மட்டும் சுத்தினன்."

"எங்கை போறியள் இந்த நேரம்?"

"யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு. பத்து மணிக்கு உள்ளுக்குக் கொண்டு போகினமாம். அதுக்கு முதல் போய்ச் சேந்தால் முகத்தைக் காணலாம்."

"ஆரை?"

"என்ரை தங்கச்சியை."

அந்தச் சொல் தடக்கித் தடக்கித்தான் வெளியே வந்தது. கதை எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவருக்கு ஒரே தங்கை, ரூபி. புத்தூரில் நடேசு என்ற வெங்காயத் தோட்டம் செய்யும் சைவக் கமக்காரரை விரும்பிக் கட்டியவர். குடும்பம் அதைக்கூடக் கொஞ்சம் முணுமுணுத்து விழுங்கிவிட்டது. தாய் இறந்தபோதுதான் உடைந்தது. ரூபி வந்து சேர்ந்த நேரம் பெட்டியை மூடி மண்ணும் போட்டாயிற்று. வேண்டுமென்றே தனக்கு அறிவிக்கவில்லை என்றார் தங்கை. ஆள் அனுப்பியும் வரவில்லை என்றார் அக்கா. அன்றைக்கு நின்ற கதை, பதினொரு வருடமாக நின்றது.

இப்போது ரூபியின் வயிற்றில் கட்டி. வெட்டித் திறந்து பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றிருக்கிறார்கள்.

"பெற்றோல் எங்காலை அன்ரி? உங்கடை கார் மூண்டு கிழமையாய்ச் சும்மா நிண்டதெல்லோ?"

"அவளின்ரை மனுசன் கொண்டந்தது. முந்தாநாள் பின்னேரம். புத்தூரிலையிருந்து சைக்கிளிலை. பெற்றோல் கானை வாசல் படலையடியிலை வைச்சிட்டு, ரூபி உங்களை வரட்டாம் எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதான்."

"உள்ளுக்கு வரச் சொன்னனீங்களோ?"

அன்ரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ காரைப் பார்."

பார்த்தேன். ஸ்ராட்டர் நல்ல உசாராகச் சுற்றியது. பற்றும் அறிகுறி இல்லை. காபரேற்றரின் சின்னக் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டேன். பெற்றோல் என்றால் சில்லென்று குளிர்ந்து பறந்துவிடும். மண்ணெண்ணெய் பிசுபிசுத்து நிற்கும். நின்றது. பளபளவென்று, தேய்க்கத் தேய்க்க நின்றது. முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. அத்துடன் என் மூளை தானாகவே மிச்சக் கதையை எழுதிவிட்டது: கமக்காரர் வீடு, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின், அது ஓடுவது மண்ணெண்ணெயில், அந்த வீட்டுக் கான்.

"அன்ரி, இது கலப்படம். மண்ணெண்ணெய் கலந்திருக்கு."

"வடிவாத் தெரியுமோ?"

"நான் உதுக்குள்ளையே வளந்தவன் அன்ரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவன்."

எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து நிமிடம் இருக்காது. அந்தக் கெதியில் எனக்கு ஒரு பெருமை வேறு.

கிறேஸ் அன்ரி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார். தேர்மோஸை மேசையில் வைத்தார். விறாந்தைக் கதிரையில் இருந்தார். கோபத்தைக் காணவில்லை. அதைவிட மோசமாக, ஒருவித ஆறுதல் அந்த முகத்தில் வந்தது. போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தவரின் ஆறுதல்.

"வரச் சொல்லியும் விட்டிருக்கிறாள், வராமல் இருக்கிறதுக்கும் வழி பாத்திருக்கிறாள்" என்றார்.

நான் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "எண்ணெய் தட்டுப்பாடெண்டால் சனம் என்னவும் செய்யும் அன்ரி" என்றேன், பெரிய மனிதன் மாதிரி.

போன் அடித்தது. நடேசு.

"கார் வெளிக்கிடாது" என்றார் அன்ரி. "நீங்கள் தந்த எண்ணெயைப் பற்றி மெக்கானிக் சொல்லுறார். நான் ஒண்டும் சொல்லேல்லை. ரூபியிட்டைச் சொல்லுங்கோ, அனுப்பினதுக்குப் பெரிய உபகாரம் எண்டு."

வைத்துவிட்டார். தம்பிமாரே, நாங்கள் சொல்லும் ஒரு சொல் எஞ்சினுக்குள் மட்டும் போகும் என்று நினைக்கிறோம். அந்த விறாந்தையில் நின்று பார்த்தேன். என் வாயிலிருந்து போன சொல் அவர் வாய்க்கு வந்து, வாயிலிருந்து போனில் ஏறி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு பெண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பி வராத வேகம்.

ஆனாலும் காரை அப்படியே விட்டுவிட்டுப் போக என் மனம் கேட்கவில்லை. இரக்கம் என்று சொல்ல ஆசைதான். தொழில் மானம் என்பதுதான் உண்மை. அவசரத்துக்கென்று என் பைக்குள் ஒரு மருந்துப் போத்தல் நல்ல பெற்றோல் எப்போதும் இருக்கும். அதை நேரே காபரேற்றரின் வாய்க்குள் ஊற்றிச் சுற்றினேன். ஒரு இருமல்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இல்லை.

நல்ல பெற்றோலை வாய்க்குள்ளேயே ஊற்றியும் இருமாத எஞ்சின் எண்ணெயைப் பற்றி முறைப்பாடு செய்யவில்லை. பழகத் தொடங்கி முதல் மாதத்திலேயே இது யாருக்கும் விளங்கும். எனக்கு இருபத்தைந்து வருடம் இருந்தது, விளங்க விடவில்லை. மண்ணெண்ணெயில் பிளக்குகள் நனைந்திருக்கும், சுற்றினால் காயும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றினேன். ஸ்ராட்டரின் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. உசாராகச் சுற்றியது இழுத்து இழுத்துச் சுற்றியது. கடைசியில் ஒரு முனகல், பிறகு ஒரு டிக். என் தீர்ப்பைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கிழட்டுக் காரின் பற்றறியைக் கொன்றுவிட்டேன்.

அன்ரி தேத்தண்ணியோடு வந்தார். எந்தத் துக்கத்திலும் வீட்டுக்கு வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடமாட்டார்கள் அந்தக் குடும்பத்தார். கோப்பையை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கோப்பையைப் பின்னுக்கு இழுத்தார்.

"முதல் கையைக் கழுவு. சவர்க்காரம் கிணத்துக்கட்டிலை கிடக்கு. நீ படலையைத் திறக்கேக்கையே மண்ணெண்ணெய் நாத்தம் விறாந்தைக்கு வந்திட்டுது."

கிணற்றடியில் சவர்க்காரத்தைக் கையில் எடுத்தபோதுதான் அந்த வசனம் எனக்குள் முழுதாக இறங்கியது. நீ படலையைத் திறக்கேக்கையே. காரின் மூடியை நான் தொட முன்னமே.

போன் வந்த நேரம் நான் கராஜில் ஒரு ஓட்டோவின் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பால்மாத் தகரப் பேணிக்குள், நாலு மாதமாக ஊற்றி மாற்றாத, தேத்தண்ணி நிறம் போய்க் கோப்பி நிறத்துக்கு வந்துவிட்ட பழைய மண்ணெண்ணெயில். துடைத்தும் துடைக்காமலும் வந்த அதே கை. அந்த உள்ளங்கையில்தான் துளியை விட்டேன். அதைத்தான் முகர்ந்தேன். பிறகு அதே கையை நீட்டி இன்னொரு குடும்பத்தைக் காட்டினேன்.

இரண்டு தரம் கழுவினேன். மூன்றாம் தரமும் கழுவினேன். அன்ரியிடம் வெள்ளைக் கடித உறை ஒன்று கேட்டு வாங்கினேன். காரின் பின்பக்கம் அந்தக் கான் இருந்தது. புதுக் கான். மூடிக்கு அடியில் ஒரு துணித் துண்டு, துணிக்கு மேல் நூல் கட்டு, வழியில் ஒரு துளியும் சிந்தக்கூடாது என்று கட்டிய கட்டு. மிச்சம் இருந்ததில் கொஞ்சத்தை உறையில் விட்டேன். வெயில் பட்டதும் ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி, பறந்தது. காகிதம் முன்போல் வெள்ளையாக இருந்தது.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். மணி எட்டேகால். அன்ரிக்கு ஒன்றும் தெரியாது. நான் பேசாமல் வேறு பிழையைத் தேடிச் செய்துவிட்டு, "எண்ணெயும் பிழை, உதுவும் பிழை" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடலாம். யார் கண்டது? என் பெயர் கெடாது. கார் ஓடும். இப்படியான வசனங்களால் காப்பாற்றப்பட்ட நல்ல பெயர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. எனக்கும் அதற்கு முன்னர் ஒன்றிரண்டு உண்டு, இப்போது ஒளித்து என்ன.

ஆனால் அவர் அந்தக் கதிரையில் இருந்த மாதிரி என்னை விடவில்லை.

"அன்ரி, பெற்றோலிலை ஒரு பிழையும் இல்லை. அவை அனுப்பினது தங்கம். மண்ணெண்ணெய் என்ரை கையிலை இருந்தது."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதலாவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கந்தோரிலை ஒரு கடிதம் காணேல்லை எண்டால், சனத்திலை சந்தேகப்பட முதல் எங்கடை தபால் சாக்கை உதறிப் பாப்பம்" என்றார். "உங்கடை தொழிலிலை அப்பிடி ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அன்ரி. இண்டையிலையிருந்து இருக்கும்."

"இண்டைக்குப் பிந்திப் போச்சு."

போனை எடுத்து நடேசுவுக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போனை நிறுத்தி வைத்திருப்பார்கள். மூன்றாம் தரம் அடித்துவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். கைப்பை மறுபடி தோளுக்கு ஏறியது.

"சொன்னதைப் போனிலை திருப்பி எடுக்கேலாது போலை. ஆளாய்ப் போய்த்தான் எடுக்க வேணும். வெளிக்கிடுத்து காரை."

அதற்குப் பிறகு நான் செய்தது வெறும் வேலை. பிளக் கம்பியை இரும்புக்கு அருகில் பிடித்துச் சுற்றிப் பார்க்கப் பற்றறி இல்லை, ஆகவே நேரே டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்தேன். பொறிக்கு வழிவிடும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் உள்ளே திறந்து மூடும். இரண்டின் முகத்திலும் மெல்லிய வெள்ளைப் படலம். மூன்று கிழமை சும்மா நின்ற கார், சோளகக் காற்று, உப்பு. காரில் வேறு நோய் இல்லை. அரம் கராஜில் கிடந்தது. அன்ரியின் குசினியிலிருந்து நெருப்புப்பெட்டி ஒன்று வந்தது. அதன் உரசுகிற பக்கத்தைக் கிழித்து இடையில் வைத்து இழுத்தேன். பத்து இழுவையில் பொட்டுகள் பளிச்சென்று விழித்தன.

பற்றறிக்குப் பதிலாகக் கம்பி இருந்தது, முன்பக்கம் செருகிக் கையால் சுற்றுகிற கம்பி. அன்ரி ஆசனத்தில் ஏறினார்.

"நான் சொல்லேக்கை சோக்கை உள்ளுக்குத் தள்ளுங்கோ அன்ரி."

"நீ பிறக்க முதல் எனக்கு உந்தச் சோக்கைத் தெரியும். சுத்து."

முதல் சுற்றில் முதுகு கத்தியது. இரண்டாவதில் எஞ்சின் ஒருதரம் இருமியது. வாழ்க்கையில் பல சங்கீதம் கேட்டிருக்கிறேன், அந்த இருமலுக்கு இணை இல்லை. மூன்றாவதில் பற்றியது. கறுப்பு உடம்பு முழுக்க நடுங்கி, பிறகு நடுக்கம் ஒரு தாளத்துக்குள் வந்து, முற்றத்து மண்ணில் வெயில் கூடக் குலுங்குவது போல் இருந்தது. நடேசு சைக்கிளில் சுமந்து வந்த பெற்றோல் அது.

"இனி நிப்பாட்டக் கூடாது அன்ரி. பற்றறி செத்துப் போச்சு, நிப்பாட்டினால் திரும்ப எடுக்கிறது கஷ்டம். நானும் வாறன்."

"நீ வராட்டில் விட்டிடுவன் எண்டு நினைச்சியோ?" என்றார்.

எட்டே முக்காலுக்குப் படலையைத் தாண்டினோம். அவர்தான் ஓட்டினார். வாகனமே இல்லாத தெருவில் அந்தக் கார் ஒரு ராசாத்தி மாதிரிப் போனது. வல்லை வெளியில் காற்று பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீரும் வானமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு கிடந்தன. அந்த வெளியில் மனிதர் பொய் சொல்வது கஷ்டம் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

"அம்மா செத்த அண்டு நான் புத்தூருக்கு ஆள் அனுப்பினது உண்மை" என்றார் அன்ரி, தெருவைப் பார்த்தபடியே. "அனுப்பின ஆள் போகவே இல்லை. குடிச்சுப்போட்டு எங்கையோ படுத்திட்டுது. எனக்கு அது ஒரு மாதத்தாலைதான் தெரிய வந்தது."

காற்று உள்ளே அடிக்காமல் நான் என் பக்கக் கண்ணாடியை ஏற்றினேன்.

"தெரிஞ்ச பிறகும் நான் அவளுக்குச் சொல்லேல்லை. பதினொரு வருசம். நீ கையைக் கழுவின கையோடை சொல்லிப்போட்டாய்."

வல்லைப் பாலம் முடிந்தது. ஆவரங்கால், புத்தூர். வெங்காயத் தோட்டங்கள் தண்ணீர் காணாமல் தலை சாய்ந்து நின்றன. புத்தூரைக் கடக்கும்போது அவர் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கோப்பாயில் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கை காட்டிய ஒருவர்கூட இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். நடேசு அங்கே நின்றார், வேட்டியைத் தூக்கிச் சொருகியபடி, தெருவின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. அன்ரி காரை விட்டு இறங்கினார். நான் ஓட்டுகிற ஆசனத்துக்கு நகர்ந்து, எஞ்சின் நிற்காமல் மிதியில் காலை வைத்துக்கொண்டேன்.

"போனிலை நான் சொன்னதை அவளிட்டைச் சொல்லிப்போட்டியளோ?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்லை மச்சாள்" என்றார் நடேசு. "ஒப்பிரேசனுக்குப் போறவளுக்கு எண்ணெய்க் கதை என்னத்துக்கு? அக்கா வந்துகொண்டிருக்கிறா எண்டுதான் சொன்னனான்."

"கார் வெளிக்கிடாது எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம், அதுவும் கேட்டது. நீங்கள் நடந்தெண்டாலும் வருவீங்கள் எண்டு நினைச்சன்."

அன்ரி கைப்பையைத் தோளில் இழுத்துப் போட்டார். விறுவிறென்று உள்ளே நடந்தார். நடேசு கூடப்போய் வாட்டைக் காட்டிவிட்டு, ஒருவரைத்தான் விடுகிறார்கள் என்று திரும்பி வந்து காரில் சாய்ந்து நின்றார்.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

"அண்ணை, உங்கடை பெற்றோலிலை மண்ணெண்ணெய் எண்டு சொன்ன மெக்கானிக் நான்தான். பிழை என்னிலை."

நடேசு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, மண்ணெண்ணெய் இருந்தால் நான் ஏன் அதைக் காருக்குள்ளை ஊத்துறன்? இரண்டு கிழமையாய் மிசின் படுத்திருக்கு, வெங்காயம் செத்துக்கொண்டிருக்கு. பெற்றோலெண்டாலும் வரிசையிலை நிண்டு ஒரு சொட்டு எடுக்கலாம், மண்ணெண்ணெயைக் கண்ணிலை கண்டு எத்தினை நாள்! ஏமாத்திறதெண்டால் தண்ணியெல்லோ கலந்திருப்பன்!"

பாருங்கள். நான் உள்ளங்கையில் சோதித்தது தொண்ணூறுகளின் எண்ணெய். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் கள்ளமாகப் பெற்றோலுக்குள் வருகிற பொருள். இந்தக் காலத்தில் அது கிடைக்காத பொருள். உலகம் மாறிய செய்தி என் மூக்குக்கு அறிவிக்கப்படவில்லை. உங்களுக்கு இப்போது ஸ்கானர் இருக்கிறது, செருகினால் எழுத்துக் காட்டுகிறது. நல்லது, அதைப் பாவியுங்கள். அதிலும் உங்களுக்கு ஒரு பழக்கம் வளரும், எந்த எழுத்தைக் கண்டால் எந்தச் சாமானை மாற்றுவது என்று. இருபது வருடத்தில் அதுவும் பழைய எண்ணெயாகும். ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கும் தீர்ப்பு என்றால், அதைச் சொல்ல முன்னர் இன்னொரு வழியாலும் ஒருதரம் பாருங்கள். ஒரு வெள்ளைக் காகிதம் போதும்.

காவலாளி வந்து கண்ணாடியில் தட்டினார்.

"என்ன ஐயா, நாடே எண்ணெய்க்கு நிக்குது, நீங்கள் நிண்ட இடத்திலை எரிக்கிறியள்? நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டினால் தள்ளுவீங்களோ அண்ணை?"

அவர் காரின் நீளத்தைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். போய்விட்டார்.

தெருவில் போனவர்கள் எல்லோரும் எங்களை முறைத்தார்கள். பெற்றோல் மானியின் முள் நான் பார்க்கப் பார்க்க இறங்கியது. பத்து மணியானது. பத்தே காலானது. நிற்பாட்டினால் அன்ரி வீடு திரும்ப வழியில்லை. நிற்பாட்டாவிட்டால் திரும்பும் அளவுக்கு எண்ணெய் மிஞ்சாது. மடியில் கையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தபடி இருந்தேன். நடேசு சிரிப்பை நிறுத்தி வெகு நேரமாயிற்று. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் பதற வேண்டாம். கட்டி நல்ல கட்டி. ரூபியக்கா இன்றைக்கும் புத்தூரில் வேலையாட்களை அதட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த நேரம் எங்களில் யாருக்கும் அது தெரியாது.

கிறேஸ் அன்ரி வாசலால் வந்தார். கண் சிவந்திருந்தது, நடை நேராக இருந்தது. ஒரு கையால் லேஞ்சித் துணி ஒன்றைப் பொத்தி நெஞ்சோடு பிடித்திருந்தார். காருக்குக் கிட்ட வந்து, லேஞ்சியின் ஒரு மூலையை மட்டும் விரித்துக் காட்டினார். உள்ளே தாலிக்கொடி சுருண்டு கிடந்தது.

"உடம்பிலை நகை ஒண்டும் இருக்கக் கூடாதாம். நேர்ஸ் கழட்டச் சொல்ல, அவள் என்ரை கையிலை தந்திட்டாள்."

"என்னட்டைத் தரேல்லையே, நான் இஞ்சைதானே நிண்டனான்" என்றார் நடேசு. அந்த நேரத்திலும் பகிடியை விடவில்லை.

"உம்மைக் கண்டால் அழுதிடுவாளாம். எனக்குத்தான் சொன்னவள்: கண் முழிக்கேக்கை பக்கத்திலை நிண்டு கழுத்திலை போட்டுவிட வேணுமாம். எனக்கு உது எப்பிடிப் போடுறதெண்டும் தெரியாது. நீர் வந்து காட்டித் தாரும்."

பிறகு என் பக்கம் குனிந்தார். எஞ்சினின் நடுக்கம் அவருடைய கைப்பையின் கொளுவியை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணெயை வீணாக்காதை தம்பி. நிப்பாட்டு காரை. நான் இண்டைக்கு வீட்டுக்கு வரேல்லை."

நிற்பாட்டினேன்.